ஒத்த ஆள் கார்டு

பிரபு போன் செய்தபோது அருண்ராஜ் கம்பெனி கேன்டீனில் இட்லி டோக்கனுக்கு நின்றிருந்தான். பிரபு அவனோடு பன்னிரண்டாவது வரை படித்தவன். இப்போது மரக்காணம் கடைத்தெருவில் இ-சேவை மையம் வைத்திருக்கிறான். யாருக்கு எந்தக் காகிதம் வருகிறது, யாருக்கு எது நின்றுபோனது என்பதெல்லாம் ஊரில் அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

“டேய், எங்கடா இருக்கற?”

“கம்பெனில.”

“அரை நாள் லீவு சொல்லிட்டுக் கிளம்பு. உன் கார்டுக்கு இன்னிக்கு வெரிஃபிகேஷன். பத்து மணிக்கு மேல உங்க தெரு. வெள்ளிக்கிழமையோட மனை லிஸ்ட்ட மூடறாங்க. இன்னிக்கு டிக் விழுந்தாதான் உன் பேரு உள்ள போவும்.”

“சரி.”

பிரபு கொஞ்சம் தயங்கினான். “அருணு, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. சூர்யகலா பேர எடுத்துட்டியா?”

“இல்ல.”

“எடுக்காத. இன்னும் ரெண்டு நாளைக்கு எதையும் எடுக்காத. ரெண்டு பேரு இருந்தாத்தான் அவன் குடும்பம்னு எழுதுவான். ஒத்த ஆள் கார்டுக்கு மனை கிடையாது.”

அது பிப்ரவரியில் கொடுத்த மனு. அப்பாவின் ரேஷன் கார்டிலிருந்து தங்கள் இருவர் பேரையும் பிரித்துத் தனிக் கார்டு கேட்டிருந்தார்கள். குடும்பத் தலைவி என்ற இடத்தில் அவன் மனைவி சூர்யகலாவின் போட்டோ. ஏப்ரலில் அவள் இறந்துவிட்டாள். ஐந்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மனு மட்டும் நிற்காமல் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது.

கார்டு அரிசிக்காக இல்லை. உப்பளத்துக் குடும்பங்களில் சொந்த வீடு இல்லாதவர்களுக்கு ஈ.சி.ஆருக்கு மேற்கே மூன்று சென்ட் மனை கொடுக்கப்போகிறார்கள். கார்டில் உள்ள யார் பேரிலும் வீடு இருக்கக் கூடாது என்பது விதி. அப்பா பேரில் வீடு இருந்தது. ஆகவே அப்பாவின் கார்டில் இருக்கும்வரை அருண்ராஜும் வீடு உள்ளவன். அந்த வீட்டில் அவன் பங்குக்கு இருந்தது பத்துக்கு எட்டு அறை ஒன்று. அதற்குக் கதவில்லை. அம்மாவின் பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பாங்கில் கடன் வாங்கி இடம் வாங்கலாம் என்று இரண்டு வருடம் அலைந்து பார்த்தாயிற்று. வேதியியல் பட்டம், இறால் தீவனக் கம்பெனி லேப் வேலை, மாதாமாதம் கணக்கில் விழும் சம்பளம், எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்ட மேனேஜர்கள், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் கையில் வாங்கியதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள். ஏஜென்சி வழியாகப் பதினோரு மாத ஒப்பந்தம். அது முடிந்தால் ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு இன்னொரு ஆர்டர் வரும். ஆறு வருடத்தில் ஆறு ஆர்டர் ஆகிவிட்டது.

அவன் அப்பா அரசப்பனுக்கு உப்பள வேலையில் முப்பத்தைந்து வருடத்தில் ஒரு ஆர்டரும் வந்ததில்லை. நாளைக்கு வராதே என்றும் ஒருநாள் யாரும் சொன்னதில்லை.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அருண்ராஜ் பைக்கை எடுத்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. ஐப்பசி பிறந்துவிட்டதால் வேலை நின்று, உப்பு அம்பாரங்களைக் கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். இந்த மூன்று மாதமும் அப்பா வீட்டில்தான் இருப்பார். வீட்டில் இருப்பது அவருக்கு ஆகாது. ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார்.

அன்றைக்கு சைக்கிள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டிருந்தார். செய்தியைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“எத்தினி மணிக்காம்?”

“பத்துக்கு மேல.”

“தெய்வநாயகி!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஆபீஸர் வர்றாங்களாம். அந்தச் சின்ன அடுப்ப பத்த வை.”

தனிக் கார்டு வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும். அதற்காக சூர்யகலா ஜனவரியில் ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்றும் சின்ன சிலிண்டரும் வாங்கிப் பின்னால் ஷீட் போட்ட சாய்ப்பில் வைத்தாள். ஒரே வீட்டில் ரெண்டு அடுப்பா என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. “இது காட்றதுக்குத்தான் அத்த, நாம எப்பவும்போல உங்க அடுப்புலதான்” என்று அவள் சமாதானம் சொல்லி, பேருக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சிவிட்டு மூடிப்போட்டாள். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

அம்மா இப்போது அதில் ரசம் வைத்தாள். பொங்கி வழிய விட்டாள். வேண்டுமென்றே விட்டாளா, தவறிப் போனதா தெரியவில்லை. புளித் தண்ணீர் பர்னரைச் சுற்றிக் கருகிப் பிடித்தது. அருண்ராஜ் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தான். ஒன்றும் தோன்றவில்லை.

“என்ன அரசப்பா, என் ரெண்டாவது வீட்டுக்கு ஆபீஸர் வர்றாங்களாமே?” என்று கேட்டுக்கொண்டே பொன்னம்மாள் வந்தாள். பக்கத்துத் தெரு. அறுபது நெருங்குகிறது. இன்னமும் அப்பாவோடு அதே அளத்தில் உப்புச் சுமக்கிறாள்.

“வாடியம்மா, மூத்தவளே” என்றாள் அம்மா. “உன் வீடு, நீயே வந்து கூட்டிப் பெருக்கு.”

இது முப்பத்துமூன்று வருடத்துக் கேலி. அப்பாவுக்கு இருபத்துமூன்று வயதில் உப்பளத் தொழிலாளர்களுக்குத் தொகுப்பு வீடு கொடுக்க அதிகாரி வந்தார். ஒரு வேப்பமரம், ஒரு மேசை, ஒரு நோட்டு. கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் வீடு என்றார் அதிகாரி. அப்பாவுக்குப் பெண் மட்டும் பார்த்து வைத்திருந்தது. கூடையோடு அந்தப் பக்கம் போன பொன்னம்மாளைக் கூப்பிட்டு, “யக்கா, செத்த நேரம் எம்பக்கத்துல நில்லு” என்றார். அவள் கூடையை இறக்கி வைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அரசப்பன், மனைவி பொன்னம்மாள். எட்டு ஆள் தள்ளி அவளுடைய சொந்தப் புருஷன் சகாதேவன் நின்றிருந்தான். அவன் முறை வந்தபோது அவள் முந்தானையை எடுத்துவிட்டுப் போய் அவன் பக்கத்திலும் நின்றாள்.

“அந்த ஆளு நிமிந்து பாத்தான் பாரு,” என்று பொன்னம்மாள் ஆரம்பித்தாள். எத்தனையாவது முறையோ. “ஏம்மா, உன்ன இப்பத்தானே பாத்தேன்னான். அது எங்க அக்கா சார், ரெட்டப் புள்ளைங்கன்னேன். அவ பேரும் பொன்னம்மாவான்னான். எங்க அப்பாருக்கு வேற பேரு தெரியாது சார்னேன். சிரிச்சிட்டான். சிரிச்சிட்டு எழுதிக்கிட்டான். ஒரு பொம்பள, ஒரு காலையில, ரெண்டு வீடு.”

அப்பாவும் சிரித்தார். “அடுத்த வருஷம் ஓடு மாத்தினேன். மூணாவது வருஷம் இவன் பொறந்தான். பத்து வருஷத்துல ஓட்ட எடுத்துட்டுத் தளம் போட்டு, போரு போட்டு, பொண்ணு ஷாலினிக்கு நகை சேத்து...” விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவர், மகன் நிற்பதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

எட்டாவது கூட முடிக்காத மனிதர். முப்பது வயதில் அவருக்கு வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அருண்ராஜுக்கும் இப்போது முப்பது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் அப்பா ஒவ்வொரு முறை விரல் மடக்கும்போதும் அந்தக் கணக்கு தானாகக் கூடவே ஓடும்.

“இப்ப இவனுக்கு என்னடா பிரச்சன?” என்றாள் பொன்னம்மாள். “பொண்டாட்டி எங்கன்னு கேப்பாங்க. அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லு. முடிஞ்சுது.”

“அதான் நானும் நினைச்சேன்,” என்றார் அப்பா. “நாலு கேள்வி கேப்பாங்க. நாலு நிமிஷம். டேய், நீ ஒண்ணும் பேச வேணாம். பேசாம நில்லு, போதும்.”

பேசாமல் நிற்பது அவனுக்கு இந்த ஆறு மாதத்தில் நன்றாகப் பழகியிருந்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனுக்கு அந்த மனை வேண்டும். ஜனவரியில் அவளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம். சீமைக்கருவேலத்தை வெட்டிப்போட்டு, முளையடித்து, கயிறு கட்டியிருந்தார்கள். எந்த மனை யாருக்கு என்றே முடிவாகாத நிலையில் அவள் ஒரு கட்டத்துக்குள் போய் நின்று, அடிமேல் அடி வைத்து அளந்து, பாத்ரூம் இங்கே என்றாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற பாத்ரூம். அவள் கேட்டது அது ஒன்றுதான். அவள் போன பிறகு அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இது மட்டும் வேண்டியிருந்தது.

பத்தரை மணிக்கு ஸ்கூட்டி வந்து நின்றது. ஆபீஸர் என்று எதிர்பார்த்து எழுந்து நின்ற அப்பா, இறங்கியவளைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை, கையில் டேப். மழைக்காக அதை பாலிதீன் கவரில் போட்டிருந்தாள்.

“சூர்யகலா, கேர் ஆஃப் அருண்ராஜ், இந்த வீடுதானே? என் பேரு கிருபா. கார்டு வெரிஃபிகேஷன்.”

“வாம்மா, வா. உக்காரு. மோர் குடிக்கிறியா?” என்றாள் அம்மா.

“வேணாம்மா. இன்னும் பதினெட்டு வீடு இருக்குது. தனிச் சமையல் எங்கம்மா?”

சாய்ப்புக்குக் கூட்டிப்போனார்கள். கிருபா அடுப்பைக் குனிந்து பார்த்தாள். போட்டோ எடுத்தாள்.

“ரசம் வழிஞ்ச இடம் மட்டும்தான் புழங்கியிருக்குது. அடுப்பு கடையில இருந்து இப்ப வந்த மாதிரி இருக்குதே?” என்று சிரித்தாள்.

“எம் மருமவ அவ்ளோ சுத்தக்காரி,” என்றாள் அம்மா. “அன்னன்னிக்கு வெளக்கி வச்சிடுவா.”

“கொடுத்து வச்சவங்க நீங்க. எங்க அவங்க? குடும்பத் தலைவி ரேகை வைக்கணும்.”

“அம்மா வீட்டுக்குப் போயிருக்குது. பிரம்மதேசம்,” என்றார் அப்பா.

“எப்ப வருவாங்க? சாயங்காலம் வந்தாக்கூட நான் திரும்பி வர்றேன்.”

இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா பொன்னம்மாளைப் பார்த்தார். பொன்னம்மாள் அம்மாவைப் பார்த்தாள்.

“இப்ப வராதும்மா,” என்றாள் அம்மா. “முழுகாம இருக்குது. ஏழாம் மாசம்.”

அப்பாவின் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அது புதுச் செய்திபோல இருந்தது.

“அட!” என்றாள் கிருபா. முகம் மலர்ந்துவிட்டது. “தலைச்சனா?”

“தலைச்சன்தான். மூணு வருஷம் கழிச்சு. போன வாரம்தான் வளைகாப்புப் போட்டு அனுப்பி வச்சோம். செவப்பும் பச்சையும் மாத்தி மாத்தி ரெண்டு கை நெறைய வளையலு. முழங்கை வரைக்கும். அதுக்குக் கையி ஒல்லி, பாத்துக்க. நழுவி நழுவி வுழுவுது. புளி சாதம், எலுமிச்ச சாதம், தேங்கா சாதம், ஏழு சாதமும் நானே கிளறினேன். யாரையும் கிட்ட விடல.”

“நான்தான் மொத வளையல் போட்டேன்,” என்றாள் பொன்னம்மாள். கைகொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

“ஆமா, இவதான். வயித்தப் பாத்தா பையன் மாதிரி தெரியுதுங்கறா. எனக்கு எதுவா இருந்தா என்ன...”

அம்மா நிறுத்தவில்லை. கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது இது. அவனும் சூர்யகலாவும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்த ஆர்டர் முடியட்டும், அடுத்ததில் பெர்மனென்ட் போட்டாலும் போடுவான். சரி, அடுத்தது முடியட்டும். ஆரோவில்லில் ஊதுபத்தி யூனிட்டில் வேலை பார்த்த சூர்யகலா, மாதா மாதம் மாத்திரை அட்டையை டிபன் பையில் ஒளித்துக் கொண்டுவருவாள். திரை போட்ட அறையில் தொட்டில் எங்கே கட்டுவது என்று கேட்டு அவள் ஒருநாள் சிரித்ததும் உண்டு. அதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இப்போது அவளை நிறுத்தியிருக்க முடியாது. அவள் முகத்தில் ஆறு மாதமாக இல்லாத ஒரு பொலிவு வந்திருந்தது. பொய் சொல்கிற முகமாகவே அது இல்லை.

“சரிம்மா, மாசமா இருக்கறவங்கள அலைய விட வேணாம்,” என்றாள் கிருபா. டேப்பைக் கவரிலிருந்து எடுத்தாள். “பிரசவத்துக்குப் போயிருந்தா ரேகை இல்லாம போடலாம். விசாரிச்சேன்னு எம் பொறுப்புல டிக் போட்டுடறேன். அண்ணா, நீங்கதானே வீட்டுக்காரரு? வாழ்த்துகள்ணா. இதுல ஒரு ரேகை வச்சிடுங்க.”

அப்பாவுக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியில் சும்மா இருக்கத் தெரியாமல் பேச்சை வளர்த்தார். “படிச்ச புள்ள, இந்த வயசுலயே கவர்மென்ட் உத்தியோகம். உங்க அப்பா அம்மா புண்ணியம் பண்ணவங்க.”

“கவர்மென்ட்டா? நீங்க வேற பெரியப்பா. எம்.காம். படிச்சிட்டு ஏஜென்சில இருக்கேன். பதினோரு மாசம், பதினோரு மாசமா ஓட்டறாங்க. இது மூணாவது.” அட்டையைத் தூக்கிக் காட்டினாள். “பெட்ரோலும் நம்மளுதுதான்.”

“அதுவும் அப்படித்தானா?” என்றார் அப்பா.

“ஒரு டிக் தப்பாப் போச்சுன்னா அதுவும் கிடையாது. எனக்கு முன்னாடி இருந்த பொண்ணு, வீட்டாளுங்க சொன்னாங்கன்னு ஒரு தாத்தாவுக்கு டிக் போட்டுட்டா. அவரு போய்ச் சேந்து ஒரு வருஷமாம். எல்லாம் ஆதார்ல ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்சிருக்காங்க இல்ல, காட்டிக் கொடுத்திடுச்சு. மறுநாள் வராதன்னுட்டாங்க. பாவம், கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருந்தாங்க. அதுவும் நின்னு போச்சு.” இதைச் சாதாரணமாக, திரையில் எதையோ தேடிக்கொண்டே சொன்னாள். “ம், வந்துடுச்சு. வைங்கண்ணா.”

ரேகை வைக்கிற சின்னக் கருவியை அவன் பக்கம் நீட்டினாள். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

இறப்புச் சான்றிதழை மே மாதம் அருண்ராஜ்தான் போய் வாங்கி வந்தான். பதிவு எண்ணோடு, முத்திரையோடு. அது எங்கே போய் எதோடு கோத்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும். மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதம் ஆகலாம். அதற்குள் மனைப் பட்டா வந்தாலும் வந்துவிடும்; வந்த பட்டாவைப் பிடுங்கவும் செய்யலாம், விட்டும் விடலாம். இந்த ஊரில் விட்டுவிட்டதும் உண்டு. ஆனால் டிக் போட்டது யார் என்பது அதில் நிற்கும். அந்த நீல நாடாவைப் பார்த்தான். அவன் சட்டைப் பையில் சுருட்டி வைத்திருந்ததும் அதே மாதிரி நாடாதான். நிறம் மட்டும் வேறு.

பேசாமல் நில்லு என்று அப்பா சொன்னது நினைவிருந்தது. விரலை வைத்தால் போதும்.

“டிக் போடாதீங்க,” என்றான்.

“ஏண்ணா?”

“என் மனைவி ஏப்ரல்ல இறந்துட்டாங்க.”

அந்தத் தகவலை அவன் இதற்குமுன் பலரிடம் சொல்லியிருக்கிறான். கம்பெனியில், பாங்கில், கேஸ் ஏஜென்சியில். ஒவ்வொரு முறையும் அதே நாலு வார்த்தைதான். இன்றைக்கும் அப்படியே வந்தது.

“டேய்!” என்றார் அப்பா.

அம்மாவின் வாய் பாதி திறந்தபடி இருந்தது. பிறகு திரும்பி உள்ளே போனாள். உள்ளே ஏதோ பாத்திரத்தை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் இல்லை.

“போச்சு போ,” என்றாள் பொன்னம்மாள். “கையில வந்தது.” முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தெருவில் இறங்கினாள்.

கிருபா கருவியைப் பிடித்தபடியே நின்றாள். அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

“ஏன் பெரியப்பா இப்பிடிப் பண்றீங்க? வீடு வீடா நாயா அலைஞ்சு... என் சோறு இல்லையா இது? வளையல் கலர் வரைக்கும் சொன்னாங்களே அந்தம்மா.”

அப்பா சைக்கிள் செயினைப் பார்த்தார். “தப்புதாம்மா,” என்றார். “நாங்க அப்பல்லாம் இப்பிடித்தான்...” முடிக்கவில்லை.

கிருபா ஸ்கூட்டி வரை போனாள். பையை மாட்டினாள். பிறகு திரும்பி வந்து அருண்ராஜ் முன்னால் நின்றாள்.

“நீங்க ஏன் சொன்னீங்க? இன்னும் ஒரு நிமிஷம், நான் போயிருப்பேன்.”

“நானும் ஏஜென்சிதாங்க.”

அவள் திண்டாடிப்போய் நின்றாள். பிறகு டேப்பை மறுபடி திறந்தாள்.

“சரி. மனுவ தள்ளினா நீங்க முதல்லேர்ந்து வரணும். அவங்க பேர மட்டும் நீக்கி, ஒத்த ஆள் கார்டா மாத்திப் போடறேன். அப்பா கார்டுலேர்ந்து தனியாவது ஆவீங்க. மனை லிஸ்டுல வராதுண்ணா. அத நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“தெரியும்.”

“நீக்கறதுக்குக் காரணம் நீங்களே தொடணும்.” திரையைக் காட்டினாள். மூன்று வரி இருந்தது. திருமணம். இடமாற்றம். இறப்பு. மூன்றாவதைத் தொட்டான்.

“ஓ.டி.பி. போயிருக்கும். மனுவுல எந்த நம்பர் கொடுத்தீங்க? எட்டு ஏழுல முடியுது.”

அது சூர்யகலாவின் நம்பர். மனுவை எழுதியது அவள்தான்.

“அந்த நம்பர் இப்ப இருக்காதில்ல? ரீசார்ஜ் பண்ணாம கட்டாயிருக்கும். அப்ப ஆபீஸுக்குத்தான் வரணும்.”

“இருக்குது,” என்றான்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை பிரபு கடையில் இல்லாமல், புதுச்சேரி போகிற வழியில் அனுமந்தையில் ஒரு பெட்டிக்கடையில் அவன் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதில் அவனுக்கே ஒரு காரணமும் தெரியாது. கரன்ட் பில் கட்டுவதுபோல அதையும் செய்துகொண்டிருந்தான்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். போன் பீரோவில், அவள் துணிகளுக்கு அடியில் இருந்தது. சார்ஜ் இல்லை. வயரைச் செருகிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். வெளியே கிருபா அம்மாவிடம் ஏதோ சொல்வது கேட்டது. “பரவால்லம்மா, விடுங்க. அந்த மோரு இருந்தா குடுங்க.” அம்மா குரல் கேட்கவில்லை.

போனின் திரை வெளிச்சமானது. ஒன்பது புள்ளிகளில் அவள் போடுகிற கோலத்தை விரலால் வரைந்து பூட்டைத் திறந்தான். டவர் கிடைத்ததும் வரிசையாக வந்து விழுந்தன. ஆஃபர்கள், பாங்கிலிருந்து இரண்டு, அவள் வேலை செய்த இடத்திலிருந்து போனஸ் பற்றி எல்லோருக்கும் போன ஒரு பொதுச் செய்தி. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆறு எண்கள். உங்கள் குடும்ப அட்டையிலிருந்து உறுப்பினரை நீக்க. இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்.

அவளுக்கு வந்த செய்தி. அவளை நீக்கவா என்று அவளிடமே கேட்டிருந்தார்கள்.

வாசலுக்கு வந்து படித்தான். “நாலு. ஏழு. ஏழு. ஒண்ணு. சைபர். மூணு.”

கிருபா ஒவ்வொன்றாக அழுத்தினாள். “ஆயிடுச்சுண்ணா,” என்றாள். டம்ளரைக் கீழே வைத்தாள். போகும்போது, “அடுத்த லிஸ்ட் வந்தா பிரபு அண்ணன்கிட்ட சொல்லி விடறேன். ஒத்த ஆளுக்கும் கொடுக்கலாம்னு பேச்சு இருக்குது” என்றாள். அவன் தலையாட்டினான். இரண்டு பேருக்குமே அதில் நம்பிக்கை இல்லை.

ஸ்கூட்டி சத்தம் தெருமுனை தாண்டியதும் அப்பா ஆரம்பித்தார்.

“வாய மூடிக்கினு நின்னிருந்தா மூணு சென்ட்டு.”

“பின்னாடி தெரிஞ்சுடும்பா. புடுங்கிடுவாங்க.”

“என்கிட்ட யாருடா புடுங்கினா?”

உண்மைதான். இந்த வீட்டுக் காகிதத்தில் இன்றைக்கும் பொன்னம்மாள்தான் மனைவி. ஒருவரும் வந்து கேட்கவில்லை. அப்பா பொய் சொல்லி வாங்கிய வீட்டில், முப்பத்துமூன்று வருடமாக ஒரு பொய்யும் இல்லாமல் வாழ்ந்துவிட்டார்.

“நீ படிச்ச, நான் படிக்கல,” என்றார் அப்பா. “நீ வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதான் ஒருநாள்கூட உன்ன அளத்துப் பக்கம் விடல. நான் என்னடா தப்புப் பண்ணேன்?” கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அது உண்மையான கேள்வியாக இருந்தது. அவனைப் பார்த்துக் காத்திருந்தார்.

“நீ ஒண்ணும் பண்ணலப்பா.”

“நீயும் ஒண்ணும் பண்ணல.”

“ஆமா.”

அப்பா செயினை மண்ணெண்ணெயிலிருந்து எடுத்து உதறினார். ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தார். சமாதானம் சொல்வதுபோல, குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்.

“இந்த வீடு எங்கடா போவுது? ஷாலினிக்கு ஏதோ கொஞ்சம் கையில கொடுத்துடு. என் காலத்துக்கு அப்புறம் உனக்குத்தானே.”

அப்பாவுக்கு ஐம்பத்தாறு. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. இன்னமும் ஐம்பது கிலோ சிப்பத்தைத் தனியாகத் தூக்குகிறார். எண்பது வரை தாராளமாகப் போவார். அப்போது தனக்கு ஐம்பத்துநாலு. அந்த வயதில் அவனுக்கு ஒரு வீடு வரும். அது வர வேண்டுமென்றால் இவர் போக வேண்டும்.

எண்பதுக்கு மேலேயும் இருக்கட்டும் என்று நினைத்தான். மனதாரத்தான் நினைத்தான்.

“அதுவரைக்கும் இங்கயே இரு,” என்றார் அப்பா. “உன்ன யாரு போகச் சொன்னா?”

“சரிப்பா.”

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. அவன் நிலைப்படியில் நின்று, “கிளம்பறம்மா” என்றான். அவள் முதுகைக் காட்டியபடி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நான் எதுக்குடா அப்பிடிச் சொன்னேன்?” என்றாள் திரும்பாமல்.

“தெரியலம்மா.”

“சொல்லச் சொல்ல வந்துக்கிட்டே இருந்துச்சு.”

அவள் கழுநீரைச் சாய்த்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினாள். ஒன்றரை மணிக்குள் போனால்தான் அரை நாளாவது எழுதுவார்கள். சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தான்.